இரண்டாவது வழி உள்ள ஊர்

ஊர் மாறும்போது என் பையில் முதலில் போவது பத்து மீட்டர் ஈத்தர்நெட் கேபிள். துணிமணி எல்லாம் அதற்கப்புறம்தான். நான் டேட்டாபேஸ் நிர்வாகி. அலுவலகம் என்று ஒரு கட்டடத்துக்குப் போவதை விட்டு ஐந்து வருடங்களாகின்றன. சில மாதங்களுக்கு ஒருமுறை ஊர் மாற்றிக்கொண்டு, அங்கங்கே வாடகை அறையில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்கிறேன். நான் பார்த்துக்கொள்ளும் சர்வர்கள் மட்டும் இடம் மாறுவதில்லை. அவை ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கின்றன.

"எந்த ஊர்ல நெட் நல்லா இருக்கும், சொல்லேன்" என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை. நான் பட்டுத் தெரிந்துகொண்டதை அவர்களும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று தோன்றும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எல்லோரையும் போல நானும் தரவரிசையில்தான் தொடங்கினேன். ஊக்லா நிறுவனம் 2017 முதல் நாடுவாரியாக இணைய வேகத்தை வரிசைப்படுத்தி வெளியிடுகிறது. இப்போது நகரங்களுக்கும் தருகிறது. அந்தப் பட்டியலில் மேலே இருந்த ஒரு மேற்கு ஐரோப்பிய நகரத்துக்குப் போனேன். வீட்டுக்காரர் 300 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 300 மெகாபிட், என்று எழுதியிருந்தார். அது உண்மைதான். வந்து இறங்கியதும் சோதித்துப் பார்த்தேன், 300க்குக் கொஞ்சம் மேலேயே காட்டியது. அதே சோதனையில் இரண்டாவதாக ஒரு எண் இருந்தது: பதிவேற்றம் 12.

அந்த 12ஐ நான் அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள், என் கணினியிலிருந்து ஒரு பேக்கப் கோப்பை சர்வருக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போதே குழுவின் வீடியோ அழைப்பும் தொடங்கியது. நான் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. அவர்கள் பேசியதும் துண்டு துண்டாக, கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. பிங் போட்டுப் பார்த்தேன், அதாவது சர்வருக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தேன். வழக்கமாக 25 மில்லி விநாடியில் வரும் பதில் 900 மில்லி விநாடி எடுத்தது.

அந்த வீட்டுக்கு வந்திருந்தது கேபிள் டிவி கம்பி. சேனல்களை வீட்டுக்குள் கொண்டுவருவதற்காகப் போடப்பட்ட வலைப்பின்னல் அது. வீட்டிலிருந்து திரும்பப் போவதற்கு அதில் முதலில் இடமே கிடையாது. ஐரோப்பாவில் அந்தக் கம்பியில் பதிவேற்றத்துக்கு நீண்ட காலமாக ஒதுக்கப்பட்டிருந்தது 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒரு சின்ன அலைவரிசைக் கீற்று. அதற்கு மேலே கிட்டத்தட்ட ஒரு கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் பதிவிறக்கம்தான். அந்தச் சின்னக் கீற்றைத் தெருவே பங்கு போட்டுக்கொள்கிறது. படம் பார்ப்பவருக்கு அது போதும். அறையிலிருந்தபடி தன் குரலையும் முகத்தையும் கோப்பையும் வெளியே அனுப்ப வேண்டியவருக்கு இரண்டாவது எண்தான் முக்கியம்.

900 மில்லி விநாடிக்குக் காரணம் வேறு. இணையத்தில் எல்லாமே பாக்கெட் என்ற சின்னத் துண்டுகளாகத்தான் போகும். வழி நிரம்பியதும் மோடம் பாக்கெட்டுகளைத் தூக்கி எறியாமல் தன் நினைவகத்தில் வரிசையாக நிற்க வைக்கிறது. பேக்கப் கோப்பின் பாக்கெட்டுகள் நூற்றுக்கணக்கில் முன்னால் நிற்க, என் குரல் வரிசையின் கடைசியில் நிற்கிறது. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கவனித்து, 2010 வாக்கில் பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார். இதற்கு மருந்து இருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல மென்பொருள் ஓடும் கையளவு ரவுட்டர் ஒன்றை வாங்கி, வரிசையை மோடத்தில் சேரவிடாமல் ரவுட்டரிலேயே ஒழுங்குபடுத்தச் சொன்னேன். கிடைக்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். அன்று மாலையே கோப்பு ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருக்க, மறுபக்கம் என் குரல் உடையாமல் போனது. வேகத்தைக் குறைத்ததால் இணைப்பு நன்றாக ஆனது! அன்றிலிருந்து அந்த ரவுட்டரும் பையில் ஏறிக்கொண்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தெளிவான ஒரு வீடியோ அழைப்புக்குப் போகவும் வரவும் தலா 3 அல்லது 4 எம்பிபிஎஸ் இருந்தால் போதும். பதிவேற்றம் 20, பதிவிறக்கம் 50, எல்லோரும் இணையத்தில் இருக்கும் இரவு ஒன்பது மணிக்கும் அது ஆடாமல் இருக்க வேண்டும்: என் தேவை அவ்வளவுதான். ஒரு கிகாபிட் என்று விளம்பரம் செய்யும் ஊரைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை.

தூரத்தைப் பற்றி அடுத்தபடியாகத்தான் கற்றேன், தாய்லாந்தின் சியாங் மாயில்.

சியாங் மாயில் ஃபைபர், அதாவது கண்ணாடி இழை இணைப்பு, நன்றாக இருந்தது. ஏறுவதும் இறங்குவதும் சரிசமம். முதல் வாரம் எல்லாம் சுகம். பிறகு ஃபிராங்க்ஃபர்ட் சர்வருக்குக் கட்டளை தட்டும் டெர்மினல் திரையைத் திறந்து நீளமாக ஒரு கட்டளை தட்டினேன். விரல் முன்னால் போக, எழுத்து பின்னால் வந்தது. பிழை விட்டால் அதை அழிப்பதற்குள் அடுத்த பிழை. பிங் 200 மில்லி விநாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

இதை எந்த நிறுவனத்தாலும் சரிசெய்ய முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும்; வெற்றிடத்தில் போவதில் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய்வர 10 மில்லி விநாடி. சியாங் மாயிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் பறவை பறக்கும் தூரத்தில் சுமார் 8,500 கிலோமீட்டர். ஆகவே 85 மில்லி விநாடிக்குக் குறைய வாய்ப்பே இல்லை. ஆனால் கேபிள் பறவை மாதிரி பறப்பதில்லையே. தெற்கே சிங்கப்பூர் வரை இறங்கி, இந்தியப் பெருங்கடலைக் கடந்து, செங்கடலுக்குள் நுழைந்து, எகிப்தைத் தாண்டி, பிரான்ஸின் மார்செயில் கரையேறி, அங்கிருந்து வடக்கே போகிறது. அந்தச் சுற்றுக்குத்தான் மீதி மில்லி விநாடிகள்.

பேச்சுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழ 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதற்கு மேலே போகப்போக, இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவோம். இணையதளங்கள் மெதுவாகத் திறப்பதும் இந்தத் தூரத்தால்தான். ஒரு பக்கம் திறப்பதற்குள் என் கணினியும் அந்த சர்வரும் சில முறை கேள்வி-பதில் நடத்தியாக வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் முழுத் தூரமும் போய்வர வேண்டும். 300 எம்பிபிஎஸ் இருந்தாலும் அந்தப் பயணங்களின் எண்ணிக்கை குறையாது.

டெர்மினலுக்கு மோஷ் என்ற மென்பொருள் கைகொடுத்தது. நான் தட்டும் எழுத்தை சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் ஊகித்துத் திரையில் போட்டுவிடும். பதில் வந்ததும் சரிபார்த்துக்கொள்ளும். இணைப்பு அறுந்து, வேறு வைஃபைக்கு மாறினாலும் அமர்வு அப்படியே தொடரும். தொலைவிலிருந்து சர்வர் வேலை செய்யும் ஒவ்வொருவரும் இதை ஒருமுறையாவது முயன்று பார்க்க வேண்டும்.

நான் சியாங் மாயில் இருந்தபோதுதான், 2024 பிப்ரவரி கடைசியில், செங்கடலில் கேபிள்கள் அறுந்த செய்தி வந்தது. தாக்குதலுக்கு உள்ளான ஒரு சரக்குக் கப்பல் கைவிடப்பட்டு மிதந்தபோது அதன் நங்கூரம் கடலடியில் இழுபட்டதுதான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். எனக்கு அன்று காலையில் தெரிந்தது ஒன்றுதான்: 200 இருந்த இடத்தில் 310. மறுநாள் 260. அதற்கடுத்த நாள் திரும்ப 300. என் பாக்கெட்டுகள் வேறு வேறு வழிகளில் தள்ளிவிடப்பட்டுக்கொண்டிருந்தன. ஆனாலும் போய்ச்சேர்ந்தன. நான் உட்கார்ந்து யோசித்தது அதைத்தான். ஒரு வழி அடைபட்டபோது இன்னொரு வழி இருந்தது.

அப்படி இல்லாத இடமும் உண்டு. 2022 ஜனவரி 15 அன்று டோங்காவில் கடலடி எரிமலை வெடித்தபோது, அந்த நாட்டை வெளியுலகோடு இணைத்திருந்த ஒரே கடலடி கேபிள் அறுந்துபோனது. பழுதுபார்க்கும் கப்பல் வந்து, அறுந்த முனைகளைத் தேடியெடுத்து, இணைத்து முடிக்க ஐந்து வாரம் ஆனது. எரிமலை அபூர்வம். ஆனால் மீன்பிடி வலையும் நங்கூரமும் அபூர்வம் அல்ல. உலகம் முழுக்க வருடத்துக்கு 150 முதல் 200 முறை வரை கடலடி கேபிள்கள் பழுதாகின்றன. பெரும்பாலானவை இந்த இரண்டால்தான். நமக்கு அவை தெரியாமல் போவதற்குக் காரணம், பெரும்பாலான ஊர்களுக்கு வேறு வழிகள் இருப்பதுதான்.

அப்போதிருந்து வேகத்தைக் கேட்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஊரின் முதல் வழி அறுந்தால், இரண்டாவது வழி எது?

இந்தக் கேள்விக்கு எனக்கு மிகவும் பிடித்த பதில் ருமேனியாவின் தலைநகர் புக்காரெஸ்ட். 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் அங்கே இளைஞர்கள் தாங்களாகவே அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு இடையே ஈத்தர்நெட் கேபிள் இழுத்து, பேட்டைக்குப் பேட்டை சின்னச் சின்ன வலைப்பின்னல்கள் அமைத்தார்கள். விளையாடவும் கோப்பு பரிமாறவும் தொடங்கியது அது. பிறகு சேர்ந்து இணைய இணைப்பு வாங்கிப் பகிர்ந்துகொண்டார்கள். பெரிய நிறுவனங்கள் பிற்பாடு அந்த வலைப்பின்னல்களை விலைக்கு வாங்கின. அந்தப் போட்டியில்தான் ருமேனியாவின் வேகம் பிறந்தது. மின்கம்பங்களில் முடிச்சு முடிச்சாகத் தொங்கும் கறுப்பு வயர்களைப் பார்த்தால் ஊர் அழகு கெட்டுவிட்டதாகச் சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அவை ஒவ்வொன்றும் ஒரு இரண்டாவது வழி. நான் இருந்த கட்டடத்துக்குள் மூன்று நிறுவனங்களின் ஃபைபர் வந்திருந்தது. ஒன்று நின்றால் மாடிப்படியில் இருக்கும் பெட்டியில் இன்னொன்று காத்திருந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பிங் 30க்குள்.

நகரமே முன்வந்து வழி போட்ட கதைகளும் உண்டு. ஸ்டாக்ஹோம் நகராட்சி 1994இல் ஸ்டோகாப் என்ற தன் நிறுவனத்தைத் தொடங்கி, ஊர் முழுக்க வெறும் ஃபைபரைப் புதைத்து, யார் கேட்டாலும் ஒரே விதிப்படி வாடகைக்கு விட்டது. சேவை தருவது மற்றவர்கள் பாடு. அமெரிக்காவின் சாட்டனூகாவில் நகர மின்வாரியம் தன் மின்கட்டமைப்பைக் கண்காணிக்க ஃபைபர் போட்டு, 2010இல் அதிலேயே எல்லா வீட்டுக்கும் ஒரு கிகாபிட் தர முன்வந்தது. பெரிய தலைநகரம்தான் நல்ல இணைப்புக்கு அடையாளம் என்று நினைத்திருந்தால் சாட்டனூகாவைப் பாருங்கள்.

மின்சாரத்தைப் பற்றி நான் அதுவரை கவலைப்பட்டதே இல்லை. லிஸ்பனில் அதுவும் வந்தது. 2025 ஏப்ரல் 28, காலை பதினொன்றரை மணி வாக்கில் அறை விளக்கு அணைந்தது. ஃப்யூஸ் போயிருக்கும் என்று நினைத்துக் கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கதவும் திறந்திருந்தது. சற்று நேரத்தில் தெரிந்தது: ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டிலும் பெரும்பகுதிக்கு மின்சாரமே இல்லை. ரவுட்டர் அப்போதே செத்துவிட்டது. கைபேசிக்கு மாறினேன். முதலில் ஓடியது, பிறகு மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே வந்து, பிற்பகலில் நின்றேவிட்டது. கைபேசிக் கோபுரத்துக்கும் பேட்டரி சில மணி நேரத்துக்குத்தானே.

டேட்டாபேஸில் ஒரு பெரிய அட்டவணைக்கு இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) கட்டும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. அது சர்வரிலேயே, இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸ் என்ற மென்பொருளின் அமர்வுக்குள் ஓடியதால் நான் துண்டிக்கப்பட்டாலும் வேலை நிற்கவில்லை. இணைப்பு போவதற்கு முன்னால் சிங்கப்பூரில் இருக்கும் சக ஊழியருக்கு மூன்று வரி எழுத முடிந்தது. மீதியை அவர் பார்த்துக்கொண்டார். ஊரில் எத்தனை கேபிள் இருந்தாலும், என்னைத் தவிர இன்னொருவருக்கும் அந்த வேலை தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அன்றைய இருட்டில் உணர்ந்தேன். இரவுதான் மின்சாரம் வந்தது.

பிறகு விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. வீட்டுக்கு வரும் ஃபைபரில், தொலைபேசி நிலையத்திலிருந்து வீட்டுச் சுவர் வரைக்கும் பெரும்பாலும் நடுவில் மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவுமே கிடையாது. ஒளியை வெறும் கண்ணாடியே பிரித்துக் கொடுக்கிறது. நிலையத்தில் ஜெனரேட்டர் ஓடி, வீட்டில் ஃபைபர் வந்து சேரும் சின்னப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் கிடைத்தால் ஊரே இருண்டாலும் இணையம் வரலாம். கேபிள் டிவி கம்பியில் அப்படி இல்லை. தெருவோரம் இருக்கும் ஆம்ப்ளிஃபையர்களுக்கும் மின்சாரம் வேண்டும். இப்போது 12 வோல்ட் தரும் சின்ன யுபிஎஸ் ஒன்றும் என் பையில் இருக்கிறது. அன்று அது இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்குமா என்பது வேறு. சாதாரண மின்வெட்டுகளில் அது இரண்டு முறை என் வேலையைக் காப்பாற்றியிருக்கிறது.

ஒரு ஊருக்குப் போகும் முன் நான் செய்வது இதுதான். முதலில் ரைப் அட்லஸைத் திறக்கிறேன். உலகெங்கும் பல்லாயிரம் தன்னார்வலர்கள் தங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் செருகி வைத்திருக்கும் சின்ன அளவுகருவிகளின் வலைப்பின்னல் அது. நாமும் ஒன்றைச் செருகி வைத்தால் அதற்கு ஈடாக மற்றவர்களின் கருவியைப் பயன்படுத்தலாம். நான் போகவிருக்கும் ஊரில் ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து என் சர்வருக்கு மூன்று நாள் பிங் போடச் சொல்கிறேன். இன்னும் அங்கே காலடி வைக்காமலே, அந்த ஊரின் இரவு ஒன்பது மணி எப்படியிருக்கும் என்று தெரிந்துவிடுகிறது. பிறகு டிரேஸ்ரூட், பாக்கெட் கடந்துபோகும் ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் கட்டளை. வழியில் இருக்கும் ரவுட்டர்களின் பெயரில் பெரும்பாலும் விமான நிலையக் குறியீடு ஒளிந்திருக்கும்: எம்ஆர்எஸ் என்றால் மார்செய், எஸ்ஐஎன் என்றால் சிங்கப்பூர், எஃப்ஆர்ஏ என்றால் ஃபிராங்க்ஃபர்ட். என் பாக்கெட் எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்று படிக்கலாம். பக்கத்து நாட்டுக்குப் போக வேண்டிய பாக்கெட் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வருவதையும் இதில்தான் பிடித்திருக்கிறேன். கடைசியாக டெலிஜியோகிராஃபி நிறுவனத்தின் கடலடி கேபிள் வரைபடம். அந்த ஊருக்கு எத்தனை கோடுகள் வருகின்றன, எல்லாம் ஒரே கடற்கரையில்தான் இறங்குகின்றனவா என்று பார்ப்பேன்.

வீட்டுக்காரரிடம் வேகம் என்ன என்று கேட்பதில்லை. சுவரில் இருக்கும் பெட்டியின் புகைப்படத்தைக் கேட்பேன். திருகு வைத்த தடித்த கம்பி என்றால் கேபிள் டிவி. மெல்லிய வயரும் பச்சைத் தலையும் இருந்தால் பெரும்பாலும் ஃபைபர். ஒரு படம் போதும்.

அழைப்புகளையே முடக்கி வைத்திருக்கும் நாடுகளையும் மறக்கக் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஃபைபர் பிரமாதம். வாட்ஸ்அப்பில் செய்தி போகும், குரல் அழைப்பு போகாது. குடும்பத்தோடு பேச வேறு செயலி தேடவேண்டிவரும். விசா விஷயத்தில் 2020க்குப் பிறகு நிறைய மாறிவிட்டது. தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கென்றே தனி விசாவை அந்த வருடம் பார்படோஸும் எஸ்டோனியாவும் தொடங்கி வைத்தன, 2022இல் போர்ச்சுகலும் சேர்ந்தது. வரி விதியை மட்டும் ஒவ்வொருவரும் தனித்தனியே விசாரித்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் 183 நாள் தாண்டினால் கணக்கு மாறும்.

ஆனால் மில்லி விநாடியை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எங்கள் சர்வர்களின் பராமரிப்பு நேரம் ஃபிராங்க்ஃபர்ட்டில் இரவு 2 மணி. லிஸ்பனில் அது இரவு 1 மணி. வாரம் இரண்டு இரவு விழித்திருந்து, அடுத்த நாள் பாதி உயிரோடு நடமாடினேன். சியாங் மாயில் அதே நேரம் குளிர்காலத்தில் காலை 8 மணி. நன்றாகத் தூங்கியெழுந்து, தெளிந்த தலையோடு செய்வேன். 200 மில்லி விநாடி தாமதத்தோடு நான் செய்த பராமரிப்புகளில் தவறே நடந்ததில்லை. லிஸ்பனின் 38 மில்லி விநாடியில், தூக்கக் கலக்கத்தில், தவறான அட்டவணையை அழிக்கப் போய்க் கடைசி நொடியில் நிறுத்தியிருக்கிறேன். அந்த நொடியை நினைத்தால் இப்போதும் கை சில்லிடுகிறது.

அடுத்து ஜார்ஜியா நாட்டின் தலைநகர் திபிலிசி போகலாம் என்றிருக்கிறேன். ஜார்ஜியாவிலிருந்து கருங்கடலுக்கு அடியில் பல்கேரியாவுக்கு ஒரு கேபிள் 2008இலேயே போடப்பட்டது. துருக்கி வழியாகத் தரைவழியும் இருக்கிறது. ஃபிராங்க்ஃபர்ட்டின் இரவு 2 மணி அங்கே குளிர்காலத்தில் காலை 5 மணி. சீக்கிரம் எழுந்துகொண்டால் போதும். மூன்று நாள் பிங் போட்டுப் பார்த்ததில் 60ஐ ஒட்டியே ஓடுகிறது, இரவிலும் பெரிதாக ஏறவில்லை.

வீட்டுக்கார அம்மாவிடம் படம் கேட்டிருந்தேன். நேற்றிரவு வந்தது. சுவரில் சின்ன வெள்ளைப் பெட்டி, பச்சைத் தலை. அதற்குக் கீழே, சுவரோரமாக, வேறொரு நிறுவனத்தின் பழைய வயர் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதில் இன்னும் இணைப்பு இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.